கருவை இரண்டு: வெட்டும் முன் ஒரு நிமிடம்

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் நிகழ்த்திய உரை)



இன்றைக்கு நான் பேச வந்திருப்பது கருவையைப் பற்றி. "கருவையைப் பத்தி எங்களுக்கு என்னத்தைச் சொல்லப் போறீக? முள்ளுக்குள்ளயே பொறந்து முள்ளுக்குள்ளயே வளர்ந்தவுக நாங்க" என்று காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கத்து அன்பர்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரியுங்கள், தப்பில்லை. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது ஆடு மேய்க்கிற ஓர் அப்பத்தா. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னால் நம் பக்கத்துக் கண்மாய் ஒன்றில் முள் எடுக்கும் வேலை நடந்தது. உள்வாய் முழுக்க முள் அடைத்துக் கிடந்தது. மடை எங்கே இருக்கிறதென்று ஊர்க்காரர்களுக்கே தேடினால்தான் தெரியும். என்னிடம் யோசனை கேட்டார்கள். "கருவையை ஒண்ணு விடாமல் எடுத்துவிடுங்கள்" என்று சொன்னேன். ஜேசிபி வந்தது. நாலே நாளில் கண்மாய் மொட்டைத் திடலாகிவிட்டது. ஊரெல்லாம் சந்தோஷம், எனக்கும் பெருமை.

ஐந்தாம் நாள் காலையில் கரைமேல் நின்றுகொண்டிருந்தேன். ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்த அப்பத்தா ஒருவர் தொரட்டியை ஊன்றி நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன்யா, சீமைக் கருவையை எடுக்கச் சொன்னா நாட்டுக் கருவையையும் சேத்துச் சாச்சுப்புட்டீகளே! எம் மாமனார் காலத்து மரம்யா அது. கோடையில இனி நான் ஆட்டுக்கு எதை உலுப்பிப் போடுவேன்?" என்றார். இறங்கிப் போய்ப் பார்த்தேன். சாய்ந்து கிடந்த குவியலுக்குள் கருத்த பட்டையோடு, உள்ளே சிவந்த வைரத்தோடு 27 அடிமரங்களை எண்ணினேன். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த மழைக்குக் கண்மாயில் என்ன முளைத்தது தெரியுமா? எதை ஒழிக்க வேண்டுமென்று ஜேசிபியைக் கூப்பிட்டோமோ அதேதான் முளைத்தது. நாட்டுக் கருவையில் ஒரு கன்றைக்கூடக் காணோம். பகையாளி திரும்பி வந்துவிட்டான், வீட்டுக்காரனை நாங்களே வெளியே தள்ளிவிட்டோம். அந்தத் தப்பு இன்னொரு ஊரில் நடக்கக் கூடாது. இந்தப் பேச்சுக்குக் காரணம் அதுதான்.

எங்கிருந்து வந்தவை?

புத்தகத்தில் கருவேல் என்று எழுதுவதைத்தான் நம் பக்கம் கருவை என்கிறோம். நாட்டுக் கருவை இந்த மண்ணிலேயே தொன்றுதொட்டு இருப்பது. வடநாட்டில் இதை பாபுல் என்பார்கள். இந்தியாவில் மட்டுமல்லாமல் ஆப்பிரிக்காவிலும் இதன் உறவு மரங்கள் உண்டு. நைல் நதியின் பெயரைச் சேர்த்தே தாவர நூலார் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

சீமைக் கருவை வந்தேறி. சீமை என்று நாம் பெயர் வைத்ததே அதற்குத்தான். சீமை ஓடு, சீமை எண்ணெய் என்கிறோமே, அது மாதிரி. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியன் தீவுகள், தென் அமெரிக்காவின் வடபகுதி ஆகியவை இதன் தாய்வீடு. அன்றைய சென்னை மாகாணத்தில் வனப் பாதுகாவலராக இருந்த கர்னல் பெட்டோம் என்பவர், வறண்ட சீமைக்கு விறகு மரம் வேண்டுமென்று விதை கேட்டு எழுதினார். ஜமைக்கா தீவிலிருந்து விதை வந்தது. 1877ஆம் ஆண்டு கடப்பை மாவட்டம் கமலாபுரத்தில் விதைத்தார்கள். அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன்தான் முதன்முதலாக வந்தது என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. பிற்காலத்தில் அது வேகமாகப் பரவியது உண்மை. ஆனால் விதை வந்து சேர்ந்தது அதற்கு வெகு காலம் முன்பே.

இன்னொரு சங்கதி கேளுங்கள். பெயரைப் பார்த்து இரண்டும் அண்ணன் தம்பி என்று நினைக்கிறோம். இரண்டும் ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவைதாம், பங்காளிகள்தாம். ஆனாலும் சீமைக் கருவைக்கு இன்னும் நெருங்கிய சொந்தம் நம் கோயில்களில் நிற்கிறது. வன்னி மரம்! விருத்தாசலம் கோயிலில் தலமரமாக நிற்கிறதே, விஜயதசமிக்குச் சுற்றி வருகிறோமே, அந்த வன்னியையும் சீமைக் கருவையையும் தாவர நூலார் வெகு காலம் ஒரே இனத்தின் கீழ் வைத்திருந்தார்கள். 2022இல்தான் பிரித்து வேறு வேறு பெயர் கொடுத்தார்கள்.

அந்த வன்னியை ராஜஸ்தான் உழவர்கள் வயலுக்கு நடுவில் வளர்க்கிறார்கள். அதன் அடியில் கம்பு நன்றாக விளைகிறது. இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீனி, பிஞ்சுக்காய் மனிதனுக்குக் கறி. 1730ஆம் ஆண்டு கேஜர்லி என்ற ஊரில் அந்த மரத்தை அரசன் ஆட்கள் வெட்ட வந்தபோது, அம்ருதா தேவி என்ற பெண்மணி முதலாக 363 பேர் மரத்தைக் கட்டிப்பிடித்து உயிர் கொடுத்தார்கள். ஒன்றுக்காக உயிர் கொடுத்தார்கள், அதன் பங்காளியை ஒழிக்க நாம் பாடுபடுகிறோம். ஒரே குலத்தில் பிறந்திருந்தாலும் மரத்துக்கு மரம் குணம் வேறு. அதனால் ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

அடையாளம் காண்பது எப்படி?

கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். ஐந்து அடையாளம் சொல்கிறேன், விரல் விட்டு எண்ணிக்கொள்ளுங்கள்.

முதலாவது பூ. நாட்டுக் கருவையின் பூ உருண்டை. மஞ்சள் பந்து மாதிரி, தங்கக் குண்டுமணி மாதிரி இருக்கும். நல்ல வாசம் வரும். சீமைக் கருவையின் பூ நீளம். அணில் வால் மாதிரி தொங்கும். வெளிறிய மஞ்சள், கொஞ்சம் பச்சை கலந்திருக்கும். பூ இருக்கும் காலத்தில் வேறு அடையாளமே தேவையில்லை. உருண்டை என்றால் நம்மது, நீளம் என்றால் சீமை.

இரண்டாவது காய். நாட்டுக் கருவைக் காய் மணி கோத்த மாலை மாதிரி. ஒவ்வொரு விதைக்கும் நடுவில் இடுப்பு ஒடுங்கியிருக்கும். மேலே சாம்பல் வெள்ளையாகப் பூம்பட்டு போர்த்தியது போலத் தெரியும். நெற்று காய்ந்தால் குலுக்கிப் பாருங்கள், கலகலவென்று சத்தம் வரும். சிறுபிள்ளையில் காலில் கொலுசாகக் கட்டிக்கொண்டு ஓடினோமே, அந்தக் காய்தான். சீமைக் கருவைக் காய் பழுத்தால் மஞ்சள். அவரைக்காய் போலத் தட்டையாக, கொஞ்சம் வளைந்து, நீளமாக இருக்கும். கடித்தால் இனிக்கும்.

மூன்றாவது இலை. ஓர் இலைக்காம்பைப் பறித்து உள்ளங்கையில் வையுங்கள். காம்பின் இரண்டு பக்கமும் சிறகு சிறகாகப் பிரிந்திருக்கும். சீமைக் கருவையில் இந்தச் சிறகு பெரும்பாலும் ஒரு சோடி அல்லது இரண்டு சோடிதான் இருக்கும். நாட்டுக் கருவையில் மூன்று முதல் ஆறு சோடி, சில சமயம் அதற்கு மேலும் இருக்கும். சிறகில் உள்ள சிற்றிலையும் நாட்டுக் கருவையில் மிகப் பொடிசு. சீமையில் அதைவிட நீளம்.

நான்காவது முள். நாட்டுக் கருவையின் முள் வெள்ளை. சோடி சோடியாக, ஊசி மாதிரி நேராக நீண்டிருக்கும். இளமரத்தில் அதிகம், முதிர்ந்த மரத்தில் குறைவு. சீமைக் கருவையின் முள் பச்சையும் பழுப்புமாக, அடியில் தடித்திருக்கும். சைக்கிள் டயரையும் செருப்பையும் துளைப்பது எதுவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஐந்தாவது பட்டையும் வாகும். நாட்டுக் கருவைக்கு ஓர் அடிமரம் இருக்கும். பட்டை கருத்து, நீளவாக்கில் ஆழமாக வெடித்திருக்கும். அரிவாளால் லேசாகக் கொத்தினால் உள்பட்டை சிவப்பாகத் தெரியும், பிசினும் வடியும். சீமைக் கருவை பெரும்பாலும் தூரிலிருந்தே நாலைந்தாகப் பிரிந்து, கோணல்மாணலாகப் படர்ந்து, கிளை தரையைத் தொடும். பட்டை சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம்.

ஒரு அடையாளத்தை மட்டும் நம்பாதீர்கள். இரண்டு மூன்று சேர்த்துப் பாருங்கள். சின்னக் கன்றில்தான் ஏமாறுவோம். அங்கே இலைச் சிறகை எண்ணுவதே கைகண்ட வழி.

எது எதற்கு உதவும்?

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளுக்குப் பர்மாத் தேக்கு கப்பலில் வந்தது. அந்த வீடுகளுக்கு நெல் ஏற்றி வந்த வண்டிக்கு? அதற்கு மரம் கண்மாயிலிருந்து வந்தது. வண்டிக் குடம், ஆரக்கால், வட்டை, கலப்பை, மண்வெட்டிப் பிடி எல்லாவற்றுக்கும் கருவைதான். ஊர் ஆசாரிமார் வெட்டிய கட்டையைக் கண்மாய்த் தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு நிழலில் காயவைத்துச் செதுக்குவார்கள். வைரம் பாய்ந்த கருவை இடி விழுந்த பாதையிலும் தாங்கும். பட்டை தோல் பதனிடப் போனது. அதே பட்டையைப் பொடித்துப் பல் விளக்கினார்கள். நெற்றும் தழையும் கோடையில் ஆட்டுக்குத் தீனி. வேரில் உள்ள நுண்ணுயிர் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கும். சத்தீஸ்கர் பகுதியில் நெல் வயலுக்குள்ளேயே இந்த மரத்தை விட்டு வைத்து வளர்ப்பது பரம்பரைப் பழக்கம்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று சொல்கிறேன். இந்த மரம் மாசக் கணக்கில் தண்ணீருக்குள் நின்றாலும் அழுகாது. ஆகவேதான் 1980களில் ஸ்வீடன் நாட்டு உதவியோடு நடந்த சமூகக் காடுகள் திட்டத்தில் கண்மாய் உள்வாய்களில் கருவையை விதைத்தார்கள். முதிர்ந்ததும் ஏலம் விட்டு, வருமானத்தில் ஊராட்சிக்கும் பங்கு கொடுத்தார்கள்.

சீமைக் கருவைக்கும் நியாயம் பேச வேண்டும். மானாவாரி பொய்த்த ஆண்டுகளில் எத்தனையோ குடும்பங்களுக்கு அடுப்பெரித்தது அதுதான். சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர்ச் சீமையில் கரிமூட்டம் போட்டுப் பிழைத்தவர்கள், பிழைக்கிறவர்கள் ஏராளம். பச்சையாகவே எரியும், கரியும் தரமானது. தேனீக்கு அந்தப் பூ பிடிக்கும். வேலி காக்கும் என்றுதானே வேலிகாத்தான் என்று பெயர் வைத்தோம்? மரம் கெட்டதில்லை. அது இருக்கும் இடமும் பெருகும் வேகமும்தான் நமக்குக் கேடு.

ஏன் ஒன்று பெருகுகிறது, மற்றது குறைகிறது?

நாலு காரணம் இருக்கிறது. ஆடுமாடு இனிப்புக்காக சீமைக் காயை விழுங்கும். சதை செரிக்கும், விதை செரிக்காது. புழுக்கையோடும் சாணியோடும் ஊரெல்லாம் விதை விழும். அடியுரமும் கூடவே கிடைத்துவிடுகிறது! இரண்டாவது, மேலே வெட்டினால் தூரிலிருந்து ஒன்றுக்கு ஐந்தாகத் துளிர்க்கும். மூன்றாவது, நிழல். நாட்டுக் கருவைக் கன்று வெயிலில்தான் வளரும், நிழலில் நைந்து செத்துப் போகும். சீமைக் காடு அடைத்துவிட்ட இடத்தில் நம் மரத்தின் விதை விழுந்தாலும் தலை தூக்க முடியாது. அதன் சருகும் மற்ற விதைகளின் முளைப்பைக் குறைக்கிறது என்று சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். நான்காவது காரணம் நாமே. கண்மாயை வெட்டாமல் விட்டோம், புஞ்சையைத் தரிசாகப் போட்டோம். ஆளில்லாத வீட்டில்தானே அன்னியன் புகுவான்?

கென்யா நாட்டிலும் இதே பாடுதான். பாரிங்கோ என்ற பகுதியில் 1980களின் தொடக்கத்தில் இந்த மரத்தை நட்டார்கள். அது மேய்ச்சல் நிலத்தை விழுங்கியது. இனிப்புக் காயைத் தின்று தின்று ஆடுகளுக்குப் பல் கெட்டது. அங்குள்ள மக்கள் 2006இல் வழக்குப் போட்டு, பல் இல்லாத ஓர் ஆட்டையே சாட்சியாக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள்.

இதற்கு நேர் எதிரான கதை ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. அங்கே குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் 1890களில் நிழலுக்கும் தீவனத்துக்கும் என்று ஒரு மரத்தைக் கொண்டுபோய் வைத்தார்கள். மாடு காயைத் தின்றது, விதை பரவியது. பல லட்சம் ஹெக்டேர் புல்வெளி முள்காடாகிவிட்டது. தேசத்துக்கே கேடான களை என்று அரசாங்கம் பட்டியலில் சேர்த்துவிட்டது. அது என்ன மரம் தெரியுமா? நம்முடைய நாட்டுக் கருவை! இங்கே சாது, அங்கே சண்டியர். பிறந்த மண்ணில் அதைத் தின்னும் பூச்சியும் வண்டும் உண்டு, அளவோடு நிற்கும். கடல் கடந்து போனால் கேட்பாரில்லை. ஆகவே மரத்தின் மேல் கோபம் வேண்டாம். எந்த மரம் எந்த மண்ணுக்கு உரியது என்ற கணக்கு இருந்தால் போதும்.

சில தவறான பேச்சுகள்

சீமைக் கருவை பிராணவாயுவே விடாது, காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கும், அதன் நிழலில் கட்டிய மாடு மலடாகும் என்றெல்லாம் பேசிக்கொள்கிறார்கள். இதற்கெல்லாம் ஆதாரம் கிடையாது. பச்சை இலை உள்ள எந்த மரமும் பிராணவாயு விடும். ஆழ வேர் விட்டு நிலத்தடி ஈரத்தை எடுக்கும் என்பது உண்மை. நாட்டுக் கருவையும் தண்ணீர் குடிக்காத மரமில்லை. பொய்யான காரணத்தைச் சொல்லி ஒரு மரத்தை வெட்டினால், நாளைக்கு அதே பொய் நல்ல மரத்தின் மேலும் திரும்பும். மெய்யான காரணமே நமக்குப் போதும்.

கண்மாயில் செய்ய வேண்டியது

2017இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தென் மாவட்டங்களில் சீமைக் கருவையை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டபோது ஊர் ஊராக வேகம் பிறந்தது. பிறகு அதே ஆண்டில் தடை, ஆய்வு என்று வழக்கு நீண்டது. 2022இல் தமிழ்நாடு அரசு அயல் களைத் தாவரங்களுக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. அகற்றுவதோடு நில்லாமல் அந்த இடத்தில் நம் மண்ணின் மரங்களை மீட்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. வேகம் நல்லதுதான். அந்த வேகத்தில் அடையாளம் தப்பிவிடக் கூடாது என்பதே என் கவலை.

உங்கள் ஊர்க் கண்மாயில் வேலை தொடங்கும் முன் கீழே சொல்கிறபடி செய்யுங்கள்.

முதலில் அனுமதி. கண்மாய்க்குள் இருக்கும் மரம் தனிப்பட்ட யாருக்கும் சொந்தமில்லை. ஊராட்சியிலும் கிராம நிர்வாக அலுவலரிடமும் பேசி, முறைப்படி உத்தரவு வாங்கிய பிறகே கை வையுங்கள்.

இரண்டாவது அடையாளக் குறி. ஆசாரி ஒருவர், ஆடு மேய்க்கிறவர் ஒருவர், விவரம் தெரிந்த பெரியவர் ஒருவர், இந்த மூவரையும் கூட்டிக்கொண்டு உள்வாயைச் சுற்றி வாருங்கள். நிற்க வேண்டிய மரத்துக்கெல்லாம் இடுப்பு உயரத்தில் சுண்ணாம்புப் பட்டை அடியுங்கள். கருவை மட்டுமில்லை, வேம்பு, மருது, நாவல், இலுப்பை எது நின்றாலும் அடியுங்கள். "வெள்ளை உள்ளதைத் தொடாதே" என்று ஜேசிபி ஓட்டுகிற தம்பிக்கு ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். நான் அன்றைக்கு இந்த ஒரு வேலையைச் செய்திருந்தால் அந்த 27 மரமும் நின்றிருக்கும். ஒரு வாளிச் சுண்ணாம்புக்கு என்ன செலவு?

மூன்றாவது பறவை. திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய்களைப் பார்த்திருப்பீர்கள். 1977இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. நத்தைக்குத்தி நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம் எல்லாம் தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன. குஞ்சு மிரளக் கூடாதென்று அவ்வூர் மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரமாகப் பாயும். உங்கள் கண்மாயிலும் கூடு இருந்தால், குஞ்சு பறந்து போகும் வரை வேலையை நிறுத்தி வையுங்கள். அது சீமைக் கருவையில் கட்டிய கூடாக இருந்தாலும் சரி. அங்கே ஒரே மூச்சில் எல்லாவற்றையும் எடுக்காமல், பக்கத்தில் நம் மரத்தை வளர்த்துக்கொண்டு பகுதி பகுதியாக எடுங்கள்.

நான்காவது வேர். மேலே வெட்டுவது வீண் செலவு. தரைக்குக் கீழே ஒரு சாண் முதல் ஒரு முழம் வரை தோண்டி, துளிர் கிளம்பும் அந்தத் தூரையே எடுக்க வேண்டும். மண் ஈரமாக இருக்கையில் எடுத்தால் வேர் சுலபமாக வரும். காய் பழுத்து உதிரும் முன்னே முடித்துவிடுங்கள். கரைமேல் நிற்பதை ஜேசிபியால் பெயர்த்துக் கரையைக் கிழித்துவிடாதீர்கள். ஆள் வைத்து எடுத்து, குழியில் களிமண் போட்டு இடித்துக் கெட்டிப்படுத்துங்கள்.

ஐந்தாவது இடம். நாட்டுக் கருவை என்பதற்காக மடை வாயிலிலும் கலுங்கு முன்னாலும் வரத்துக்காலிலும் கரை மேலும் வளர விடக்கூடாது. அங்கே எந்த மரமும் தண்ணீருக்கு இடைஞ்சல். உள்வாயில் ஓரமாகத் தோப்பாக நிற்கட்டும்.

ஆறாவது, திரும்பிப் பார்ப்பது. விதை மண்ணுக்குள் பல ஆண்டு உயிரோடு கிடக்கும். முதல் மூன்று நான்கு மழைக்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் ஊர் கூடி ஒரு நாள் கன்று பிடுங்குங்கள். ஒரு சாண் உயரக் கன்றை ஒரு பிள்ளை பிடுங்கிவிடும். மூன்று வருஷம் விட்டால் ஜேசிபி வேண்டும்.

சொந்தப் புஞ்சைக்கும் ஒரு வார்த்தை. கிடை போட்ட நிலத்தில் முளைக்கும் சீமைக் கன்றை முதல் உழவிலேயே ஒழித்துவிடுங்கள். காயைத் தீவனமாகக் கொடுப்பவர்கள் காயவைத்து, விதை உடையும்படி அரைத்து, மற்றத் தீவனத்தோடு கொஞ்சமாகக் கலந்து கொடுங்கள். விதையும் பரவாது, மாட்டுக்கு வயிறும் கட்டாது.

நம் கருவையை வளர்ப்பது எப்படி?

வெட்டிய இடத்தைச் சும்மா விட்டால் சீமை மறுபடி வரும் என்று சொன்னேன். ஆகவே அதே மழையில் விதைத்துவிட வேண்டும். கோடையில் நெற்றைப் பொறுக்கி விதை எடுத்து வையுங்கள். விதைத் தோல் கெட்டியானது. கொதித்து இறக்கிய தண்ணீரில் போட்டு, அப்படியே ஆறவிட்டு ஒரு நாள் ஊறவைத்தால் நன்றாக முளைக்கும். இன்னொரு சுலப வழியும் உண்டு. ஆடு நெற்றைத் தின்று கொட்டிலில் போட்ட விதையைக் கூட்டி எடுங்கள். ஆட்டு வயிற்றுக்குள் போய் வந்த விதைக்குத் தனியாகப் பக்குவம் வேண்டாம்.

பத்தடிக்கு ஒரு குழியாக, சின்னதாக மண் மேடு எடுத்து, மேட்டின் மேல் இரண்டு மூன்று விதை போடுங்கள். கன்று தண்ணீரில் முழுகாமல் இருக்கத்தான் மேடு. சுற்றிலும் புல்லும் நிழலும் இல்லாமல் வெயில் படட்டும். முதல் இரண்டு மூன்று வருஷம் ஆடு கடிக்காமல் காவல் வேண்டும். வெட்டிய சீமைக் கருவை முள்ளையே கொண்டுவந்து சுற்றி அடைத்துவிடுங்கள். பகையாளியையே காவலாளியாக்கின மாதிரி ஆயிற்று! 15 முதல் 20 வருஷத்தில் ஆசாரி விரும்புகிற கட்டை கிடைக்கும்.

முடிக்கும் முன் அந்தக் கண்மாய்க்குத் திரும்பிப் போவோம். அப்பத்தாவிடம் பதில் சொல்ல முடியாமல் நின்றவன், அடுத்த ஆடி மாதம் அவர் கொட்டிலுக்கே போனேன். பக்கத்து ஊர்க் கருவைத் தோப்பில் மேய்ந்து வந்த ஆடுகள் போட்ட விதையை ஒரு சாக்கு கூட்டிக் கொடுத்தார். ஊர் இளவட்டங்கள் மேடு எடுத்து விதைத்தார்கள். சீமைக் கன்றை வருஷா வருஷம் பிடுங்கினார்கள். போட்டது நிறைய, பிழைத்தது கொஞ்சம். இப்போது ஆளுயரத்துக்கு மேலே ஒரு தோப்பு நிற்கிறது. போன தடவை போனபோது முதல் பூ பூத்திருந்தது. அப்பத்தா ஒரு பூவைக் கிள்ளி என் கையில் வைத்து, "இது என்னன்னு சொல்லுங்க பாப்போம்?" என்றார்.

"உருண்டைப் பூ, நாட்டுக் கருவை அப்பத்தா" என்றேன்.

"இப்பத்தான் படிச்சிருக்கீக" என்று சொல்லிவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

உழவர் பெருமக்களே, உங்கள் ஊர்க் கண்மாயில் நிற்கும் கருவைகளைத் தண்ணீர் வற்றும் முன்னே ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். உங்கள் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். எது உருண்டை, எது நீளம் என்று அவர்களுக்கும் காட்டிக் கொடுங்கள். அரிவாளை அதற்கப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.